கேட்காமல் காலியாகும் டப்பாக்கள்: வாசகர் கேள்வி பதில்

தீபாவளிக்குப் பிறகு இப்பகுதிக்கு வந்த கடிதங்களில் ஒரே முறையீடு பல ஊர்களிலிருந்து வந்திருக்கிறது. பதின்ம வயதுப் பிள்ளைகள் வீட்டில் இருக்கும் தின்பண்டங்களை யாரையும் கேட்காமல் எடுத்துத் தீர்த்துவிடுகிறார்கள் என்பதே அது. மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் ஒரே கேள்விபோலத் தோன்றினாலும், ஒவ்வொரு வீட்டிலும் காரணம் வேறாக இருப்பதால் ஆறு கடிதங்களைத் தேர்ந்தெடுத்துத் தனித்தனியே விடை எழுதியிருக்கிறேன். எழுதியவர்களின் ஊர்ப்பெயர் மட்டும் தரப்பட்டுள்ளது.

கேள்வி: என் மகனுக்கு 15 வயது, பத்தாம் வகுப்புப் படிக்கிறான். நாத்தனார் வீட்டுக்கும் கணவருடைய அலுவலக நண்பர்களுக்கும் கொடுப்பதற்காக ஒரு பெரிய தூக்கு நிறைய முறுக்கும், இரண்டு டப்பாக்களில் மிக்சரும் மைசூர்பாகும் செய்து வைத்திருந்தேன். கொடுக்கலாமென்று எடுத்தபோது முறுக்கில் பாதிதான் இருந்தது. மைசூர்பாகு டப்பாவில் உதிர்ந்த தூள்தான் மிச்சம். கேட்டால், 'பசித்தது, எடுத்தேன்' என்கிறான். இனிமேல் எல்லாவற்றையும் பீரோவில் வைத்துப் பூட்டிவிடு என்கிறார் கணவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?
- வாசகி, கோயம்புத்தூர்

பதில்: பூட்ட வேண்டாம் என்பதே என் கருத்து. ஆனால் அதற்கு முன், 'பசித்தது' என்று உங்கள் மகன் சொன்னதைச் சாக்கு என்று ஒதுக்கிவிடாமல் கேட்க வேண்டும். அது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ஆம் ஆண்டு வெளியிட்ட அளவுகளின்படி, 13 முதல் 15 வயது வரையுள்ள ஆண்பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 2860 கிலோகலோரி தேவைப்படுகிறது. உட்கார்ந்து வேலை பார்க்கும் வளர்ந்த ஆணுக்கு 2110 போதும். அதாவது, பீரோவில் பூட்டச் சொல்லும் உங்கள் கணவர் அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவரானால், அவரைவிட உங்கள் மகனுக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகச் சாப்பாடு வேண்டியிருக்கிறது. பதினாறு வயதைத் தாண்டினால் இந்தத் தேவை 3320 வரை போகும். ஆண்பிள்ளைகள் மிக வேகமாக உயரும் காலமும் பெரும்பாலும் 13, 14 வயதை ஒட்டியதுதான். அந்த ஓராண்டில் மட்டும் எட்டு, ஒன்பது சென்டிமீட்டர் வளர்ந்துவிடுகிற பிள்ளைகள் உண்டு.

இப்போது அவனுடைய ஒரு நாளைக் கணக்குப் பாருங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளை காலை ஏழு மணிக்கு அவசரமாக மூன்று இட்லியை விழுங்கிவிட்டு ஓடுகிறான். பன்னிரண்டரை மணிக்கு ஒரு சிறிய டிபன் பாக்ஸில் எலுமிச்சைச் சாதமோ தயிர்ச்சாதமோ சாப்பிடுகிறான். அதன்பின் பள்ளியிலேயே சிறப்பு வகுப்பு, அது முடிந்தால் டியூஷன். வீட்டில் இரவுச் சாப்பாடு எட்டரை, ஒன்பது மணிக்குத்தான். நடுவில் எட்டு மணி நேர இடைவெளி இருக்கிறது. அவன் ஆறு மணிக்கு வீட்டுக்குள் நுழையும்போது அடுப்பு பற்றவைக்காமல், யாரையும் தொந்தரவு செய்யாமல் உடனே கையில் கிடைப்பது எது என்று பார்த்தால், உங்கள் முறுக்குத் தூக்குதான். நூறு கிராம் முறுக்கில் ஏறக்குறைய 500 கிலோகலோரி இருக்கும். ஆனால் அது வயிற்றில் நிற்பதில்லை என்பதால் கை மறுபடியும் தூக்குக்குள் போகிறது.

ஆகவே முதல் வேலை, மாலை ஐந்தரைக்கும் ஆறரைக்கும் நடுவே ஒரு சிறிய சாப்பாட்டை நிலையாக வைப்பதுதான். காபியும் இரண்டு பிஸ்கட்டும் இதற்குப் போதாது. மதியக் குழம்பு ஊற்றி ஒரு தட்டுச் சோறு, அல்லது இரண்டு தோசை, அல்லது அவித்த முட்டை இரண்டும் ஒரு வாழைப்பழமும், அல்லது ஒரு கிண்ணம் நிறையக் கொண்டைக்கடலைச் சுண்டல் என்று ஏதாவது ஒன்று, அவன் வரும்போது மூடி வைத்திருக்க வேண்டும். நீங்கள் வேலைக்குப் போகிறவரானால் காலையிலேயே வைத்துவிட்டுப் போகக்கூடியதாகத் திட்டமிடுங்கள். தோசை வார்த்துக்கொள்ள 15 வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரியாவிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கற்றுக்கொடுத்துவிடலாம். இதைச் செய்தாலே தூக்கு காலியாகும் வேகம் குறைந்துவிடுவதைக் காண்பீர்கள்.

பசியைத் தீர்த்த பிறகும் மிஞ்சுகிற விஷயம் ஒன்று உண்டு: பிறருக்கென்று வைத்ததை அவன் தின்றுவிட்டான். இதைக் கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் அது பிறருக்கென்று வைத்தது என்பது அவனுக்குத் தெரியுமா என்று முதலில் யோசித்துப் பாருங்கள். நம் வீடுகளில் எந்த டப்பா யாருக்கு என்ற கணக்கு பெரும்பாலும் அம்மாவின் மனத்தில் மட்டும்தான் இருக்கிறது. பிள்ளையின் கண்ணுக்கு எல்லாமே வீட்டில் செய்த பலகாரம். அடுத்த முறை பலகாரம் செய்த அன்றே, சூடு ஆறியவுடன், வீட்டுப் பங்கு, கொடுக்கும் பங்கு என்று இரண்டாகப் பிரித்துவிடுங்கள். கொடுக்க வேண்டியவற்றை அன்றைக்கே பொட்டலம் கட்டி, யார் வீட்டுக்கு என்று தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். வீட்டுப் பங்கைச் சாப்பாட்டு மேசையிலோ சமையலறைத் தட்டிலோ எல்லாருடைய கைக்கும் எட்டும்படி வையுங்கள். அந்தப் பங்கு இரண்டே நாளில் தீர்ந்தால் தீரட்டும். ஒரு சொல்லும் சொல்லாதீர்கள், ஆனால் மறுபடி நிரப்பவும் செய்யாதீர்கள். பொட்டலத்தில் கை வைத்தால், வைத்தவரே அதை ஈடுசெய்ய வேண்டும். முறுக்கு மாவு பிசைந்து, அச்சில் போட்டுப் பிழிந்து, எண்ணெய்ச் சட்டியருகே ஒன்றரை மணி நேரம் நின்று பார்த்த பிள்ளைக்கு ஒரு தூக்கு முறுக்கின் விலை தெரிந்துவிடும். பத்தாம் வகுப்புப் படிக்கிறவனை அடுப்படியில் நிறுத்துவதா என்று உங்கள் கணவர் கேட்கக்கூடும். ஒரு சனிக்கிழமைக் காலையில் மதிப்பெண் ஒன்றும் குறைந்துவிடாது.

பூட்டு ஏன் வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மழலையர் பள்ளி வயதுக் குழந்தைகளை வைத்து அமெரிக்காவில் ஜெனிஃபர் ஃபிஷர், லீன் பர்ச் என்ற ஆய்வாளர்கள் செய்து 1999-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு தின்பண்டத்தைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு தடுத்தபோது, அதன்மீது குழந்தைகளின் கவனமும் அதைப் பற்றிய பேச்சும் கூடியதைக் கண்டார்கள். அது சின்னக் குழந்தைகளைப் பற்றிய ஆய்வுதான். ஆனால் பதினைந்து வயதுக்காரனுக்குச் சாவியைத் தேடும் திறமையும், கைச்செலவுக் காசும், தெருமுனைக் கடையும் கூடுதலாக இருக்கின்றன. பூட்டினால் அவன் தின்பது நிற்காது, உங்கள் கண்ணில் படுவது மட்டும் நின்றுவிடும்.

கேள்வி: எனக்கு 16 வயதில் மகனும் 13 வயதில் மகளும் இருக்கிறார்கள். கேக், ஐஸ்கிரீம், சாக்லேட், அல்வா என்று எது வாங்கினாலும் மகனே முக்கால் பங்கைத் தீர்த்துவிடுகிறான். மகள் பள்ளியிலிருந்து வந்து பார்க்கும்போது காலிப் பெட்டிதான் இருக்கும், அழுகிறாள். என் மாமியாரோ, 'வளர்ற பையன், சாப்பிட்டுட்டுப் போறான். பொட்டப்புள்ளைக்கு எதுக்கு இவ்வளவு நாக்கு?' என்கிறார். இதை எப்படிச் சரிசெய்வது?
- வாசகி, திருச்சிராப்பள்ளி

பதில்: உங்கள் மகள் அழுவது அல்வாவுக்காக மட்டும் அன்று என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்; தெரிந்ததனால்தான் கடிதம் எழுதியிருக்கிறீர்கள்.

இங்கே இரண்டு கணக்குகள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. சாப்பாடு பசிக்கேற்றது, பதினாறு வயது மகன் நான்கு தோசை சாப்பிடுகிறபோது மகளுக்கு இரண்டு போதுமென்றால் அதில் அநியாயம் ஒன்றுமில்லை, யாரும் கணக்குப் பார்க்கவும் வேண்டாம். ஆனால் கேக்கும் ஐஸ்கிரீமும் பசிக்கு வாங்குகிறவை அல்ல, எல்லாருடைய மகிழ்ச்சிக்காகவும் வாங்குகிறவை. அவற்றில் வயதுக்கோ, உயரத்துக்கோ, ஆண் பெண் என்பதற்கோ தனிச் சலுகை கிடையாது. ஆகவே இனிப்பு வீட்டுக்கு வந்தவுடனேயே தலைக்கு இவ்வளவு என்று பிரித்து, ஒவ்வொருவருக்கும் உரிய சிறு டப்பாவில் போட்டு வைத்துவிடுங்கள். உங்களுக்கும் கணவருக்கும் மாமியாருக்கும்கூடப் பங்கு எடுத்து வையுங்கள். தன் பங்கைப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வெறும் வாயோடு உட்காரும் தாயைப் பார்த்து வளரும் பையனுக்கு, வீட்டில் சில பேருக்குப் பங்கே தேவையில்லை என்றுதான் தோன்றும். தன் டப்பாவை ஒரே மாலையில் தீர்ப்பதா, ஒரு வாரம் வைத்துத் தின்பதா என்பது அவரவர் விருப்பம். மகன் தங்கையின் டப்பாவைத் தொட்டுவிட்டால், அதே பொருளைத் தன் கைச்செலவுக் காசில் வாங்கி வைக்க வேண்டும். 'தெரியாமல் எடுத்துவிட்டேன்' என்பதற்கு இடமில்லாதபடி டப்பாவின்மேல் பெயர் எழுதி வையுங்கள்.

மாமியார் சொல்வதற்கு வருவோம். பதின்மூன்று வயது என்பது பெண்பிள்ளையும் வளரும் வயதுதான். சொல்லப்போனால் பெண்பிள்ளைகள் ஆண்பிள்ளைகளுக்கு இரண்டாண்டு முன்னதாகவே விரைந்து உயரத் தொடங்கிவிடுகிறார்கள். 13 முதல் 15 வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 2400 கிலோகலோரி வேண்டும். மாதவிடாய் தொடங்கிவிடுவதால் இரும்புச்சத்துத் தேவை 30 மில்லிகிராம், அதே வயதுப் பையனுக்கு 22 மில்லிகிராம்தான். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பது தெரியவந்தது. 'பொட்டப்புள்ளைக்கு எதுக்கு' என்ற பேச்சு அல்வாவோடு நிற்பதில்லை. முட்டை, மீன், கறி, பால் என்று தட்டில் இருப்பவை எல்லாவற்றுக்கும் பரவிவிடும். இதை மாமியாரிடம் எடுத்துச் சொல்ல வேண்டியவர் உங்கள் கணவர். நீங்கள் சொன்னால் அது மருமகளின் எதிர்ப்பேச்சாகிவிடும். அவர் தன் தாயிடம், 'இந்த வீட்டில் இரண்டு பிள்ளைக்கும் ஒரே பங்குதான் அம்மா' என்று பேத்தியின் காதில் விழும்படி ஒருமுறை சொல்லிவிட்டால் போதும்.

கேள்வி: எங்கள் பேரன் சத்துபானப் பொடியைப் பாலில் கலக்காமல் அப்படியே கரண்டி கரண்டியாகத் தின்கிறான். பாயசத்துக்கு வாங்கி வைக்கும் சர்க்கரை சேர்த்த கெட்டிப்பால் டின்னையும் விடுவதில்லை. இதனால் உடம்புக்குக் கெடுதல் உண்டா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஐயா, பொடியாகத் தின்பதால் தனியாக ஒரு கெடுதலும் இல்லை, பாலில் கலந்தாலும் கலக்காவிட்டாலும் உள்ளே போவது அதே பொடிதான். பார்க்க வேண்டியது சர்க்கரையின் அளவை. கெட்டிப்பால் டின்னில் ஏறக்குறைய பாதி சர்க்கரை. சத்துபானப் பொடிகளில் பலவும் சர்க்கரை மிகுந்தவை. அட்டையின் பின்புறம் நூறு கிராமுக்கு எவ்வளவு என்று அச்சிட்டிருப்பார்கள், பேரனையே வாசிக்கச் சொல்லுங்கள். இத்தகைய பானங்களை 'ஆரோக்கிய பானம்' என்ற பிரிவில் வைத்து விற்கக் கூடாது என்று மத்திய வர்த்தக அமைச்சகம் 2024 ஏப்ரலில் இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியதும் நினைவிருக்கலாம். உணவில் சேர்க்கும் சர்க்கரையிலிருந்து கிடைக்கும் ஆற்றல், மொத்த ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2015-இல் தந்த அளவு. 2000 கிலோகலோரி உண்பவருக்கு அது 50 கிராம், அதில் பாதியோடு நின்றால் இன்னும் நல்லது.

பெரிய டப்பாவாக வாங்காமல் சிறிய பாக்கெட்டாக வாங்குங்கள், கெட்டிப்பாலைப் பாயசம் வைக்கும் அன்று மட்டும் வாங்குங்கள். இனிப்பு கேட்கும்போது கோவில்பட்டிக் கடலைமிட்டாயோ எள்ளுருண்டையோ ஒன்றிரண்டு கொடுக்கலாம். வெல்லமும் சர்க்கரைதான் என்றாலும், கூடவே கடலையும் எள்ளும் உள்ளே போகின்றன. நக்கிய கரண்டியை மறுபடி டப்பாவுக்குள் விடாமல் இருக்கச் சொல்லுங்கள், பொடி கட்டிபிடித்துக் கெட்டுப்போகும்.

கேள்வி: பதினோராம் வகுப்புப் படிக்கும் என் மகளின் மெத்தைக்கடியில் சிப்ஸ் பாக்கெட்டுகள், சாக்லேட் தாள்கள், பிஸ்கட் உறைகள் என்று ஏராளமாகக் கிடந்தன. எங்களோடு உட்கார்ந்தால் ஒரு தோசைக்குமேல் சாப்பிடுவதில்லை. போன மாதம் ஒரு கல்யாணத்தில் உறவினர்கள் சிலர், 'என்னம்மா இப்படிக் குண்டாயிட்டே' என்று அவள் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார்கள். அதிலிருந்துதான் இப்படியோ என்று தோன்றுகிறது. அந்தத் தாள்களை அவளிடம் காட்டிக் கேட்கட்டுமா?
- வாசகி, சென்னை

பதில்: காட்ட வேண்டாம். முந்தைய கடிதங்களிலுள்ள பிள்ளைகள் எல்லாரும் பசிக்கோ ருசிக்கோ தின்கிறவர்கள். தின்பதற்காக வெட்கப்படுகிறவர்கள் அல்லர். உங்கள் மகள் வெட்கப்படுகிறாள் என்பதுதான் இங்கே கவலைக்குரியது. அந்த வெட்கத்தை நீங்கள் கையும் களவுமாகப் பிடித்துக் காட்டினால், ஒளித்துவைக்கும் இடம் மாறுமே தவிர வேறெதுவும் மாறாது.

இது எப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் கோபம் தணிந்துவிடும். உடம்பைப் பற்றி யாரோ சொன்ன சொல் மனத்தில் தைக்கிறது. உடனே காலைச் சாப்பாட்டைக் குறைக்கிறாள், மதியத்து டிபன் பாக்ஸைத் தோழிகளுக்குக் கொடுத்துவிடுகிறாள், இரவில் ஒரு தோசையோடு எழுந்துவிடுகிறாள். வளரும் உடம்பு இதைத் தாங்காது. பத்து மணிக்குமேல், அறைக்கதவைச் சாத்திய பிறகு, தாங்க முடியாத பசி வருகிறது. அப்போது கையில் கிடைக்கும் பாக்கெட்டை முழுவதுமாகத் தின்றுவிடுகிறாள். தின்ற பிறகு தன்மீதே அருவருப்பு வருகிறது. அதை ஈடுகட்ட மறுநாள் காலைச் சாப்பாட்டை மறுபடியும் தவிர்க்கிறாள். இந்தச் சுழற்சியில் முதலில் நிறுத்த வேண்டியது பாக்கெட்டை அன்று, பகலில் பட்டினி கிடப்பதை. மூன்று வேளைச் சாப்பாடும் மாலையில் ஒரு சிற்றுண்டியும் நேரம் தவறாமல் கிடைக்க வேண்டும், அவற்றை முடிந்தவரை வீட்டில் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அவள் தட்டில் எவ்வளவு போட்டுக்கொள்கிறாள் என்பதை யாரும் உற்றுப் பார்க்கக் கூடாது. சிப்ஸையும் சாக்லேட்டையும் வீட்டிலிருந்து ஒழித்துவிடாதீர்கள். வாரம் ஒன்றிரண்டு நாள் வாங்கிவந்து எல்லாரோடும் கூடத்தில் உட்கார்ந்து வெளிப்படையாகத் தின்னும்படி செய்யுங்கள்.

வீட்டில் எடை, இடுப்பு, தொப்பை பற்றிய பேச்சு அடியோடு நிற்க வேண்டும். அவளைப் பற்றி மட்டுமன்று, உங்களைப் பற்றி நீங்களே கண்ணாடிமுன் நின்று சொல்லிக்கொள்வதும் நிற்க வேண்டும். அடுத்த விசேஷத்தில் உறவினர் எவராவது வாயைத் திறந்தால், 'அவள் உடம்பைப் பற்றிப் பேச வேண்டாம், அத்தை' என்று மகளின் பக்கத்தில் நின்றபடி நீங்கள் சொல்ல வேண்டும். பெரியவர்களிடம் அப்படிப் பேசுவதா என்ற தயக்கம் நமக்கெல்லாம் உண்டு. ஆனால் அந்தக் கல்யாணத்தில் நீங்கள் பேசாமல் இருந்ததை உங்கள் மகள் கவனித்திருப்பாள்.

பேச்சைத் தொடங்குவதற்கு முகத்துக்கு முகம் பார்க்க வேண்டியில்லாத ஓரிடம் நல்லது. வண்டியில் போகும்போதோ, கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போதோ கேட்கலாம். 'கல்யாணத்தில் அவர்கள் சொன்னது உனக்கு வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். இப்போதெல்லாம் நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்று தோன்றுகிறது. ராத்திரி பசித்தால் என்னை எழுப்பு' என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். பதில் அன்றைக்கே வர வேண்டும் என்பதில்லை.

மருத்துவரிடம் போக வேண்டிய அறிகுறிகள் சில உண்டு. நிறுத்த நினைத்தாலும் நிறுத்த முடியாமல் மிக அதிகமாகத் தின்பது வாரத்துக்கு ஒருமுறையாவது நேர்வது, சாப்பிட்டவுடன் குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொள்வது, வாந்தி எடுப்பது, பேதி மாத்திரை எடுத்துக்கொள்வது, மாதவிடாய் தவறுவது, மயக்கம் வருவது ஆகியவை முக்கியமானவை. இவற்றில் ஒன்றிருந்தாலும் காத்திருக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கான புறநோயாளிப் பிரிவு உண்டு. மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416-ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். இதற்குத் தொடர்பில்லாத இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பச்சரிசி, சாக்பீஸ் போன்றவற்றை மெல்லும் பழக்கம் தெரிந்தால் இரத்தசோகைக்கான பரிசோதனையும், தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், எவ்வளவு தின்றாலும் எடை குறைவது ஆகியவை சேர்ந்து வந்தால் தாமதிக்காமல் இரத்தச் சர்க்கரைப் பரிசோதனையும் செய்துவிட வேண்டும்.

கேள்வி: எங்கள் வீட்டில் முந்திரி, பாதாம், உலர்திராட்சை எல்லாம் வேகமாகக் குறைகின்றன. வீட்டு வேலைக்கு வரும் அக்கா எடுக்கிறார் என்று மாமியார் சந்தேகப்பட்டு, அவரை நேரிலேயே கேட்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆனால் என் 14 வயது மகனின் பள்ளிப் பைக்குள் பாதாம் பொட்டலத்தை நான் பார்த்துவிட்டேன். மாமியாரிடம் சொன்னால் மாதக்கணக்கில் அவனைக் குத்திக் காட்டுவார். பேசாமல் பாட்டில்களை நிரப்பி வைத்துவிடலாமா?
- வாசகி, சேலம்

பதில்: நிரப்ப வேண்டாம், சொல்லிவிடுங்கள், இன்றைக்கே சொல்லிவிடுங்கள். உங்கள் மகன் பாட்டியிடம் வாங்கப்போகும் திட்டு சில நாளில் ஓய்ந்துவிடும். நாலு வீட்டில் வேலை பார்த்துப் பிழைக்கிற ஒரு பெண்மீது 'கை நீளம்' என்ற பேச்சு ஒரு வீட்டில் எழுந்தாலும் மற்ற மூன்று வீட்டு வேலையும் ஆட்டம் காணும். நீங்கள் பாட்டிலை நிரப்பிவிட்டால் மாமியாரின் சந்தேகம் தீராது. அடுத்து எது காணாமல் போனாலும் அது அந்த அக்காவின் தலையில்தான் விழும்.

மகனைத் தனியாக அழைத்து, நீங்கள் பார்த்ததையும், பாட்டி யாரைச் சந்தேகிக்கிறார் என்பதையும் சொல்லுங்கள். பதினான்கு வயதுப் பிள்ளைகளில் பலருக்கு இது சுருக்கென்று தைக்கும். தான் தின்ற பாதாமுக்கு இன்னொருவர் பழி சுமக்கப்போகிறார் என்று அவன் எண்ணியே பார்த்திருக்கமாட்டான். இரவுக்குள் பாட்டியிடம் அவனே போய்ச் சொல்ல ஒரு வாய்ப்புக் கொடுங்கள். சொல்லாவிட்டால் நீங்கள் சொல்லிவிடுங்கள். ஒருவேளை மாமியார் அந்த அக்காவிடம் ஏற்கெனவே சாடைமாடையாக ஏதாவது பேசிவிட்டிருந்தால், மகனும் நீங்களும் சேர்ந்து போய் அவரிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்க வேண்டும். ஒரு புடவையோ கூடுதல் சம்பளமோ கொடுத்து மறைமுகமாகச் சரிக்கட்டுவது அதற்கு ஈடாகாது.

அவன் ஏன் ஒளித்து எடுத்தான் என்பதும் கேட்கத்தக்கது. பாதாம், முந்திரி வாங்கும்போதெல்லாம் அதன் விலையைப் பற்றி வீட்டில் பெருமூச்சு விட்டிருப்பீர்கள். கேட்டால் கிடைக்காது என்று அவனே முடிவுகட்டியிருப்பான். அவனுக்குத் தினமும் ஒரு கைப்பிடி என்று வெளிப்படையாக ஒதுக்கிவிடலாம். கட்டுப்படியாகாவிட்டால் வறுத்த வேர்க்கடலை போதும். நூறு கிராம் வேர்க்கடலையில் ஏறக்குறைய 25 கிராம் புரதம் உண்டு, முந்திரியில் அவ்வளவு இல்லை. கடலை பாட்டில் எப்போதும் திறந்த அலமாரியில் இருக்கட்டும்.

கேள்வி: நான் பிளஸ் டூ படிக்கிறேன். இரவு பன்னிரண்டு மணிவரை படிக்கும்போது பதினொரு மணிக்கு ரொம்பப் பசிக்கிறது. பிஸ்கட், மிக்சர் ஏதாவது எடுத்துத் தின்பேன். காலையில் அம்மா, 'திருட்டுப் பூனை' என்று எல்லார் முன்னிலையிலும் சொல்கிறார். என் வீட்டில் நான் சாப்பிடுவதற்கும் அனுமதி கேட்க வேண்டுமா?
- 17 வயது வாசகர், மதுரை

பதில்: தம்பி, உங்கள் வீட்டில் சாப்பிடுவதற்கு அனுமதி தேவையில்லை. ஆனால் அந்த வீட்டில் இன்னும் சில பேர் இருப்பதால், தெரிவிக்க வேண்டிய கடமை உண்டு. காலையில் அப்பாவுக்குக் காபியோடு கொடுக்கப் பிஸ்கட்டைத் தேடும்போதுதான் அது தீர்ந்துபோனது அம்மாவுக்குத் தெரிகிறது. அவருடைய கோபத்தில் பாதி அதனால் வருவது. ஆகவே மூன்று விஷயங்களை நீங்களாகவே ஏற்றுக்கொள்ளுங்கள். கடைசியாக இருப்பதை எடுத்தால் சமையலறைக் காலண்டரில் எழுதி வையுங்கள். பிரிக்காத பாக்கெட்டைக் கேட்காமல் பிரிக்காதீர்கள். பூஜைக்கோ விருந்தினருக்கோ வைத்ததைத் தொடாதீர்கள். இவ்வளவையும் ஒரு மாலையில், அம்மா வேலை முடித்து உட்கார்ந்திருக்கும்போது நீங்களே போய்ச் சொல்லி, 'ராத்திரி எனக்குப் பசிக்கிறது, எதை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒருமுறை சொல்லிவிடுங்கள், தினமும் கேட்டு எழுப்பமாட்டேன்' என்று கேளுங்கள். 'திருட்டுப் பூனை' என்று பிறர் முன்னால் சொல்வது உங்களுக்கு வருத்தமாக இருக்கிறது என்பதையும் அப்போதே சொல்லுங்கள். இந்தப் பக்கத்தை அம்மாவும் வாசிப்பாரானால், அந்தப் பட்டப்பெயரை விட்டுவிடும்படி அவரை நானும் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் வயதில் தூக்கத்துக்கான மெலடோனின் என்ற சுரப்பு இரவில் தாமதமாகவே கூடுவதால், பதினொரு மணிக்கு நீங்கள் விழிப்பாக இருப்பது சோம்பேறித்தனமோ பிடிவாதமோ அன்று. ஆனால் 13 முதல் 18 வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை என்பதும், தூக்கம் குறைந்தால் மறுநாள் பசியும் இனிப்பு ஆசையும் கூடும் என்பதும் உண்மை. பன்னிரண்டு மணியைப் பதினொன்றாக்கிக் காலையில் ஒரு மணி நேரம் படிக்க முடியுமா என்று பாருங்கள். பசிக்கு மிக்சரைவிட, தயிர்ச்சாதமோ, ஒரு டம்ளர் பாலும் வாழைப்பழமுமோ, அவித்த முட்டையோ, மீந்த சுண்டலோ நெடுநேரம் தாங்கும். காபி வேண்டாம், பதினொரு மணிக்குக் குடித்த காபியில் உள்ள கஃபீனில் பாதி விடியற்காலை நாலு மணிக்கும் உடம்பில் இருக்கும்.

தோசை வார்த்துக்கொள்வதாக இருந்தால் கல்லையும் தட்டையும் கழுவி வையுங்கள், கேஸை மூடியதை இருமுறை பாருங்கள். மாவுப் பாத்திரத்தைக் காலி செய்வதற்கு முன், மறுநாள் காலை இட்லிக்கு மாவு மிஞ்சுமா என்றும் பார்த்துவிடுங்கள். மிஞ்சாது என்றால் இரண்டு தோசையோடு நிறுத்திக்கொண்டு ஒரு வாழைப்பழம் சாப்பிடுங்கள்.